முதுகில் ஐந்து உலோகம்

ஐந்து நாள் முதுகு நனையக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதுவும் சென்னையில், ஆகஸ்டு மாதப் புழுக்கத்தில். "அப்போ குளிக்கிறது?" என்று கேட்டேன். "கழுத்துக்கு மேல குளிங்க, இடுப்புக்குக் கீழ குளிங்க" என்றார் நர்ஸ். நடுவில் இருப்பவள் என்ன பாவம் செய்தாள் என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். ஊர் புதிது, முதுகு வேறு அவர் கையில் இருந்தது.

நான் ஈப்போக்காரி. முப்பது வருஷம் மலேசியத் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளின் ஒற்றுப்பிழைகளைத் திருத்திவிட்டு ஓய்வு பெற்றவள். வலது முட்டி தேய்ந்துபோய், மாடிப்படியைக் கண்டால் பேயைக் கண்டதுபோல் நிற்கிறேன். என் தங்கை மகள் நித்யா சென்னையில் வேலை செய்கிறாள். "இங்க வாங்க பெரியம்மா, மாற்று முட்டி வெச்சு அனுப்புறேன்" என்று அவள் அழைத்ததால் வந்தேன். எலும்பு டாக்டர் சர்க்கரை உண்டா, கொதிப்பு உண்டா என்று வரிசையாகக் கேட்டு, கடைசியில் ஏதாவது உலோகம் ஒத்துக்கொள்ளாதா என்றார். "தங்கம்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "தங்கமா? நிச்சயமா?"

"பதினெட்டு வருஷமா நிச்சயம்."

உலோக முட்டி வைக்கும் முன் இந்தச் சோதனை எல்லாருக்கும் வேண்டுமா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லையாம். ஆனால் தங்கம் ஆகாது என்று ஒருத்தி சத்தியம் செய்தால் சும்மா விட முடியாது என்று மயிலாப்பூரில் ஒரு தோல் மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார். ஒவ்வாமை தருகிறது என்று சந்தேகப்படும் பொருள் இருந்தால் எடுத்துப் போகச் சொன்னார். இருந்தது. அப்படிக் கேட்பார்கள் என்று நித்யா போனில் சொல்லியிருந்ததால், என் தாலிச் சங்கிலியை ஒரு சின்னப் பர்சில் போட்டு ஈப்போவிலிருந்தே கொண்டுவந்திருந்தேன்.

அந்தத் தாலியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அது என் மாமியார் தன் இரண்டு வளையலை உருக்கிச் செய்து கொடுத்தது. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து நெஞ்சில் அது படும் இடம் சிவந்தது, அரித்தது, பிறகு நீர் கோத்துப் பொங்கியது. களிம்பு பூசினேன், மஞ்சள் பூசினேன், குறையவில்லை. தாலியைக் கழற்றி வைத்தேன். இரண்டு வாரத்தில் தோல் பழையபடி ஆகிவிட்டது. இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? ஒரு தீபாவளி அன்று, உறவுக்காரர்கள் நிறைந்திருந்த வீட்டில், மாமியாரின் முகத்தைப் பார்த்தே சொன்னேன்: "நீங்க போட்ட தங்கம் கலப்படம், அத்தை."

அவர் எழுந்து உள்ளே போனார். அன்று முதல் யாராவது நகையைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். பதினெட்டு வருஷமாக இப்படித்தான். இப்போது அவருக்கு எண்பத்து நான்கு வயது, எங்களோடுதான் இருக்கிறார். ஆகவே சென்னைக்கு வரும்போது முட்டியைப் பற்றிய கவலையை டாக்டர்களிடம் விட்டுவிட்டேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அன்று நான் சொன்னது சரியா, தப்பா. சரி என்று எழுதி வாங்கிக்கொண்டு போகவே வந்தேன் என்றும் ஒப்புக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை முதுகில் ஒட்டினார்கள். சட்டைப் பொத்தான் அளவுக் குழிகள் உள்ள ஒட்டுப்பட்டை. ஒவ்வொரு குழியிலும் வாஸ்லின் களிம்பில் குழைத்த ஓர் உலோக உப்பு: நிக்கல், கோபால்ட், குரோமியம், தங்கம், டைட்டானியம். புதன்கிழமை பட்டையை எடுப்பார்கள், வெள்ளிக்கிழமை மறுபடி பார்ப்பார்கள். "தங்கம் மட்டும் கொஞ்சம் சோம்பேறி" என்றார் டாக்டரம்மா. "அது ஒரு வாரம் கழிச்சுகூட எழும்பும். அதனால அடுத்த திங்கள் வரைக்கும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்." எந்த எண்ணில் எந்த உலோகம் என்று கேட்டேன். சொல்லவில்லை. பரீட்சைத்தாளை முன்கூட்டிக் கேட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அன்று மாலை மந்தைவெளியில் நித்யாவின் ஃபிளாட்டில் ஈரத்துண்டால் கையையும் காலையும் மட்டும் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஈப்போவிலும் வேர்க்கும், ஆனால் மாலையானால் மலைப்பக்கமிருந்து ஒரு மழை வந்து ஊரைக் கழுவிவிட்டுப் போகும். இங்கே வானம் கறுக்கிறது, யோசிக்கிறது, கலைந்துவிடுகிறது. நித்யா வாங்கிவந்த பொடி தோசை மட்டும் எல்லாக் குறையையும் மறக்கடித்தது.

செவ்வாய்க்கிழமை அவளுடைய ஆராய்ச்சிக்கூடத்தைப் பார்க்க அடையாற்றுக்குப் போனேன். ஆட்டோவில் முதுகு சாயாமல் முன்கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னாமா, வண்டி தள்ற மாதிரி குந்திக்கினு வர? நல்லா சாய்ஞ்சு குந்து."

"முதுகுல மருந்து ஒட்டியிருக்காங்க தம்பி. எந்த உலோகம் ஆகாதுன்னு பார்க்க."

"அட, எனக்கும் அத்தான்!" என்று ஒரு கையை விட்டுத் திருப்பிக் காட்டினார். விரல் இடுக்கெல்லாம் தோல் தடித்துக் கறுத்திருந்தது. "ஈக்காட்டுத்தாங்கல்ல பிளேட்டிங் பட்டறைல வேல செஞ்சுக்கினு இருந்தேன். கொக்கி, பக்கிளு, சாவி வளையம் அல்லாத்தையும் நிக்கல் தண்ணில முக்கி எடுக்கிற வேல. ஒரு நாளு கை வெடிச்சுது. லீவு போட்டா ஆறிடும், போனா திரும்பியும் வெடிக்கும். அஞ்சு வருஷம் தள்ளிப் போனாலும் அது நம்மள மறக்காதுமா. அதான் ஆட்டோ."

"நீங்க கையைப் பாருங்க, பரவாயில்லை, ரோட்டையும் பாருங்க" என்றேன். சிரித்துவிட்டு ரோட்டைப் பார்த்தார். அடையாறு பாலத்தில் அரை மணி நேரம் நின்றோம். ஈப்போவில் அரை மணி நேரத்தில் ஊரையே இரண்டு சுற்றுச் சுற்றிவிடலாம்.

நித்யாவின் வேலையே இந்த அரிப்புதான் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களின் இரத்தத்திலிருந்து 'டி செல்' என்னும் காவல் அணுக்களைப் பிரித்து, அவை அந்த உலோகத்தை எப்படி அடையாளம் காண்கின்றன என்று பார்க்கிறார்கள். நான் அவளிடம் சுருக்கமாகச் சொல்லச் சொன்னேன். அவள் கேன்டீனில் வடை வாங்கி வைத்துக்கொண்டு விரிவாகச் சொன்னாள்.

நம் உடம்பின் செல்கள் தமக்குள் இருக்கும் புரதங்களின் துணுக்குகளை ஒரு கிண்ணத்தில் வைத்து வெளியே நீட்டிக்கொண்டே இருக்குமாம். டி செல் தன் மேலுள்ள ஏற்பி என்னும் கையால் அதைத் தடவிப் பார்க்கும். நம்முடைய துணுக்கு என்றால் பேசாமல் நகரும், கிருமியின் துணுக்கு என்றால் சத்தம் போடும்.

"சரி. நிக்கல் கிருமி இல்லையே?"

"அதான் பெரியம்மா விஷயம். வேர்வையில கரைஞ்சு வர்ற நிக்கல் ஒரே ஓர் அணு. அவ்வளவு சின்னது, அத தனியா யாராலயும் பிடிக்க முடியாது. அது போய் நம்ம கிண்ணத்து ஓரமா, நம்ம துணுக்கு பக்கத்துல ஒட்டிக்கும். ஹிஸ்டிடின்னு ஒரு அமினோ அமிலம் இருக்கு, அது இருக்கிற இடத்துல நிக்கலுக்கு நல்ல பிடி. சிலரோட டி செல் ஏற்பியோட நுனியிலயும் அது இருக்கும். அப்போ ஏற்பிக்கும் கிண்ணத்துக்கும் நடுவுல நிக்கல் பாலம் மாதிரி நின்னுடும். டி செல் கிருமின்னு நினைச்சுக் கத்தும்."

"அந்த ஏற்பி நிக்கலுக்காகவே செய்து வைத்ததா?"

"யாரும் செய்யல. மரபணுத் துண்டுகளக் குலுக்கிப் போட்டு உடம்பு கோடிக்கணக்குல வேற வேற ஏற்பி செய்யும். அதுல ஒண்ணு ரெண்டு தற்செயலா நிக்கலுக்குப் பொருந்திடுது. இதுல வேடிக்கை என்னன்னா, நிக்கல் ஆகாத பல பேர்கிட்ட ஒரே மாதிரி ஒரு துண்டு அதிகமா இருக்கு. ஏன் அந்தத் துண்டு, இன்னும் எத்தனை வழி இருக்கு, இதெல்லாம் முழுசா தெரியல. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

எல்லா உலோகமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதும் இல்லையாம். பெரிலியம் என்று ஒன்று. அது கிண்ணத்துக்குள் ஆழமாகப் புதைந்துவிடும், டி செல் அதைத் தொடுவதேயில்லை. மேலே துணுக்கின் தோற்றம் லேசாக மாறுவதை வைத்தே சண்டைக்கு வந்துவிடும்.

நான் எனக்குப் புரிந்த மாதிரி சொல்லிப் பார்த்தேன். "உங்க ஃபிளாட்டு வாட்ச்மேன் உன்னைத் தினம் பார்க்கிறார். ஒரு நாள் நீ பெரிய மூக்குத்தி போட்டுக்கொண்டு வருகிறாய். ஆள் நீதான். ஆனால் அவர் விசில் ஊதி ஊரைக் கூட்டுகிறார். அப்படியா?"

"கிட்டத்தட்ட. அதுக்கப்புறம் அந்த மூக்குத்தியை ஆயுசுக்கும் மறக்க மாட்டார். எத்தனை வருஷம் கழிச்சு வந்தாலும் விசில்தான். ஆனா உடனே ஊத மாட்டார், ஆள் திரட்டி வர ரெண்டு நாளாவது ஆகும்."

"தங்கத்துக்கும் இப்படித்தானே?"

"தங்கத்துக்கும் வரலாம்" என்றாள். குரலில் சுரத்தில்லை. எனக்குக் கோபம் வந்தது. என் நெஞ்சு பொங்கியதை இவளா பார்த்தாள்?

புதன்கிழமை பட்டையைப் பிய்த்தார்கள். அரை மணி நேரம் கழித்து டாக்டரம்மா பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார். நித்யா செல்பேசியில் படம் எடுத்துக் காட்டினாள். ஐந்து வட்டத்தில் ஒன்று மட்டும் சிவந்து கொப்புளித்திருந்தது. "தங்கம்!" என்றேன். "எண் தெரியாம எப்படிச் சொல்றீங்க?" என்றாள். எனக்கு எண் தேவைப்படவில்லை.

வெற்றி கையில் கிடைத்த தெம்பில், தி. நகருக்குப் போய் அந்தத் தங்கத்தின் கலப்படத்தையும் தெரிந்துகொண்டுவிடலாம் என்று தோன்றியது. நித்யா வேலைக்குப் போய்விட்டாள், நான் தனியாகப் போனேன். தி. நகர் ஓர் ஊர் இல்லை, ஒரு தள்ளுமுள்ளு. நடைபாதையில் வளையல், அதற்கு மேல் குடை, குடைக்கு மேல் தொங்கும் சுடிதார். "அக்கா, வா, பாரு, சும்மா பாரு" என்று எல்லாரும் கூப்பிட்டார்கள். 'தள்ளுபடி' என்பதைத் 'தள்ளுப்படி' என்று எழுதிய பலகையின் கீழ் நின்று கடைக்காரரிடம் திருத்தச் சொன்னேன். "ரெண்டு புடவ எடு, திருத்திடறேன்" என்றார்.

ஒரு சின்ன நகைக்கடையில் தங்கத்தின் தரம் பார்க்கும் மிஷின் இருந்தது. தாலிச் சங்கிலியை எடுத்துக் கொடுத்தேன். அங்கிருந்தவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"ஊக்கெல்லாம் கழட்டிக் குடுங்கம்மா. அதோட வெக்க முடியாது."

சங்கிலியில் ஏழு ஊக்கு தொங்கிக்கொண்டிருந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முன் கழற்றியபோது இருந்தபடியே இருந்தது. கல்யாணமான தமிழ்ப் பெண்ணின் தாலியில் ஊக்கு இல்லாமல் இருக்குமா? எப்போது எந்தக் கொக்கி போகும், யாருக்கு முந்தானை நழுவும் என்று எல்லாருமே மாட்டிக்கொண்டு அலைகிறோம். ஈப்போவிலும் அப்படித்தான், மயிலாப்பூரிலும் அப்படித்தான். ஏழையும் கழற்றினேன். ஆறைப் பர்சில் போட்டேன். கூட்டத்தில் இடிபட்டு நழுவிக்கொண்டிருந்த முந்தானையை ஏழாவதால் இடது தோளில் ரவிக்கையோடு சேர்த்துக் குத்திக்கொண்டேன்.

மிஷின் ஒரு நிமிஷம் யோசித்தது. "இருபத்திரண்டு காரட். மீதி செம்பு, கொஞ்சம் வெள்ளி. வேற ஒண்ணுமே இல்ல. பழைய காலத்து நல்ல தங்கம்மா, யாரு போட்டது?"

"மாமியார்" என்றேன். வாய் கசந்தது.

திரும்பும் வழியில் எனக்குள் பெரிய வழக்கு நடந்தது. சரி, கலப்படம் இல்லை. கலப்படம் என்று சொன்னது என் தப்பு. ஆனால் அரித்தது அதுதானே? சுத்தத் தங்கமே எனக்கு ஆகாமல் இருக்கலாமே? இப்படி ஒரு படி இறங்கி அங்கே காலை ஊன்றிக்கொண்டேன். தோற்றுக்கொண்டிருக்கும் ஆளுக்கு இறங்க எத்தனை படி இருக்கிறது என்பது ஆச்சரியம்தான்.

வியாழக்கிழமை மாலை பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனோம். மாதா கோயிலுக்கு வந்தவர்கள், ஓட வந்தவர்கள், காதலர்கள், சுண்டல், பஜ்ஜி. நித்யா மீன் வாங்க வேண்டும் என்றாள். பக்கத்துக் குப்பத்துப் பெண் ஒருவர் சாலையோரம் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் மஞ்சள் கயிற்றில் தாலி, அதோடு ஒரு சிலுவை. பெயர் மரியம்மா என்று நித்யா சொன்னாள்.

"இன்னா வோணும் கண்ணு? சங்கரா கீது, வஞ்சரம் கீது. காலைல வந்தது." என்னைப் பார்த்தார். "இது யாரு, உங்கம்மாவா? கழுத்து மொட்டையா கீதே. வூட்டுக்காரரு தவறிட்டாரா?"

நித்யா பதறினாள். நான் பதறவில்லை, ஏனோ சிரிப்பு வந்தது. "இருக்கார்மா. நல்லா இருக்கார். இந்நேரம் கோப்பிக் கடையில அரட்டை அடிச்சுக்கிட்டிருப்பார். எனக்குத் தாலி போட்டா அரிக்கும்."

"தாலி அரிக்குமா?" மரியம்மா மீனை வெட்டுவதை நிறுத்தினார். "இந்தக் கயித்துல உப்புத் தண்ணி, மீன் தண்ணி, வேர்வ, அல்லாம் ஊறிக் கீது. எனக்கு ஒண்ணும் அரிக்கல. இன்னா மாதிரி ஒடம்புமா உனக்கு?"

எனக்கும் அதே கேள்விதான். வஞ்சரத்தை வாங்கிக்கொண்டு வந்தோம். ஈப்போவில் நான் மீன் குழம்புக்கு மலாய்ச் சமையலின் 'அசாம்' புளியைப் போடுவேன். நித்யா இங்குள்ள புளியில் வைத்தாள். அவள் குழம்பு நன்றாக இருந்தது என்று எழுதுவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அன்று படுக்கும்போது இடது தோளில் லேசாக ஊறியது. புது ரவிக்கையின் சாயமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா முதுகைப் பார்க்கும் முன்பே தோளைப் பார்த்துவிட்டார்.

"இது என்ன? இந்த இடத்துல நாங்க எதுவும் ஒட்டலையே."

காசளவுக்குச் சிவந்து, நடுவில் சின்னச் சின்னக் கொப்புளம். நான் சாயம் என்றேன். அவர் ரவிக்கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் ஊக்கு இருந்தது. புதன்கிழமை குத்தியதை எடுக்க மறந்து, அப்படியே துவைக்காமல் இன்று வரை மாட்டியிருக்கிறேன்.

"அம்மா, நீங்க வாட்ச் கட்டுவீங்களா?"

"இல்லை. அரிக்கும்."

"கவரிங் தோடு?"

"காது புண்ணாகும். அதனால போடறதில்லை."

"இதெல்லாம் அந்த எலும்பு டாக்டர்கிட்ட சொல்லலையா?"

"அவர் கேட்கலையே. ஒத்துக்காத உலோகம் எதுன்னு கேட்டார், சொன்னேன்."

டாக்டரம்மா நித்யாவைப் பார்த்தார், நித்யா கூரையைப் பார்த்தாள். பிறகு எண்ணைச் சொன்னார்கள். சிவந்திருந்த வட்டம் ஒன்றாம் எண், நிக்கல். நான்காம் எண் தங்கம். அங்கே தோல் சும்மா இருந்தது. "ஆனா தங்கத்துக்குத் திங்கள் வரைக்கும் டைம் குடுக்கணும்" என்றார். எனக்கும் டைம் தேவைப்பட்டது.

அன்று வரலக்ஷ்மி விரதம். எதிர் ஃபிளாட்டு அலமேலு மாமி எங்களைத் தாம்பூலம் வாங்கிக்கொள்ள அழைத்திருந்தார். கலசத்துக்கு முகம் வைத்து, நகை பூட்டி, அழகாக அலங்கரித்திருந்தார். நித்யாவுக்குக் குங்குமம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பியவர் கை ஒரு கணம் நின்றது. கண் என் கழுத்துக்குப் போய், அவசரமாகக் கீழே இறங்கியது. மரியம்மாவைப் போல் கேட்டிருந்தால் நன்றாயிருக்கும். இவர் நல்ல மனசுக்காரர், கேட்க முடியாமல் தவித்தார்.

"மாமி, என் வீட்டுக்காரர் ஈப்போவுல சௌக்கியமா இருக்கார்" என்று நானே சொன்னேன்.

"ஐயோ, நான் ஒண்ணும் நெனைச்சுக்கலையே! எடுத்துக்கோங்கோ, எடுத்துக்கோங்கோ" என்று இரண்டு மடங்கு குங்குமம் கொடுத்தார். "எங்காத்துக்காரர் சொல்லிண்டே இருப்பார், ஒனக்கு மூஞ்சில எல்லாமே தெரிஞ்சுடும்னு."

பாதி கடித்த கொழுக்கட்டையைத் தட்டில் வைத்துவிட்டேன். ஒரு பார்வை என் கழுத்தில் அரை நொடி நின்றதே எனக்கு இவ்வளவு குத்துகிறது. என் மாமியார் பதினெட்டு வருஷம் எத்தனை பார்வையைத் தாங்கியிருப்பார்? மருமகளுக்குக் கலப்படத் தங்கம் போட்டவள் என்று உறவெல்லாம் பார்த்த பார்வை. அதைக் கிளப்பிவிட்டவள் நான். வந்த நாளிலிருந்து என் பக்கம் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தவள், அன்று முதல் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன். அன்று மாலைதான் முதுகுக்குத் தண்ணீர் ஊற்ற அனுமதி கிடைத்தது. வெகுநேரம் குளித்தேன்.

சனிக்கிழமை நித்யா ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து இரண்டு சின்னப் பாட்டில் கொண்டுவந்தாள். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு சொட்டைப் பஞ்சில் விட்டு உலோகத்தில் தேய்க்க வேண்டும். நிக்கல் கசிந்தால் பஞ்சு ரோஜா நிறமாகுமாம். முதலில் தாலியைத் தேய்த்தாள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. சங்கிலியைத் தேய்த்தாள், வெள்ளை. பிறகு ஏழு ஊக்குகளையும் ஒரு தட்டில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். நான்கு பெரியவை, பழைய மாடல், தலைப்பக்கம் முலாம் தேய்ந்து மஞ்சளாகத் தெரிந்தது. மூன்று சின்னவை. ஏழு பஞ்சும் ரோஜா.

"தாலிய கழட்டினப்போ ஊக்கும் சேர்ந்து போச்சு பெரியம்மா. அரிப்பு நின்னுது. நீங்க பக்கத்துல நின்ன ஆளப் பிடிச்சு ஜெயில்ல போட்டுட்டீங்க."

"உன் டி செல்லும் அதைத்தானே செய்யுது?"

"அதுக்குக் கண்ணு கிடையாது" என்றாள். சிரிக்காமல் சொன்னாள். நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நாள் முழுக்கக் கையைப் பின்னால் மடக்கி நான்காம் எண்ணைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊக்கு குற்றவாளி என்பதால் தங்கம் நிரபராதி ஆகிவிடாது, இரண்டும் கூட்டாளியாக இருக்கலாம் என்று நித்யாவே சொல்லியிருந்தாள். ஏதாவது தடிப்பு தட்டுப்படுகிறதா என்று பயந்து பயந்து தேடினேன்.

திங்கட்கிழமை டாக்டரம்மா பூதக்கண்ணாடியோடு குனிந்தார். நான் மூச்சை அடக்கினேன். "தங்கம் சுத்தம். ஒண்ணுமே இல்ல. கோபால்ட்டும் இல்ல, குரோமியமும் இல்ல. நிக்கல் மட்டும்தான்" என்றார். நிக்கல் கசியாத மாதிரி பூச்சுப் போட்ட முட்டி இருக்கிறது, எலும்பு டாக்டருக்கு எழுதித் தருகிறேன், இரண்டு வாரத்தில் வைத்துவிடலாம் என்றார். நன்றி சொன்னேன். முட்டி விஷயம் காதில் பாதிதான் விழுந்தது.

மருத்துவமனைக்கு வெளியே ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டேன். கணவர் எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "அம்மா பக்கத்துலதான் இருக்காங்க. நீயே சொல்லு" என்று போனைக் கொடுத்துவிட்டார்.

"யாரு, சரோஜாவா? பசியாறியாச்சா?"

"ஆச்சு அத்தை. அத்தை, நீங்க போட்ட தங்கம் நல்ல தங்கம். இங்க மிஷின்லயும் பார்த்தேன், டாக்டரும் சொல்லிட்டாங்க. நான் சொன்னது தப்பு. அத்தனை பேர் முன்னால சொன்னேன். என்னை மன்னிச்சிருங்க." இதை நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது. "அப்ப எது அரிச்சுச்சு?"

"ஊக்கு அத்தை. தாலியில தொங்குச்சே, அந்த ஊக்கு."

அவர் மிக மெதுவாகக் கேட்டார்.

"ஊக்கா? கல்யாணத்தன்னிக்கிக் காலையில உனக்குச் சேலை நிக்கலன்னு, என் கழுத்துல இருந்த நாலு ஊக்கைக் கழட்டிக் குத்திவிட்டு, பொறவு அதை உன் தாலிச் சங்கிலியில கோத்துவிட்டேனே... அப்ப நான்தானா, சரோஜா?"

அது வரை எனக்கு அது நினைவிலேயே இல்லை. அவர் சொன்னதும் எல்லாம் வந்தது: மணவறைக்குப் பின்னால் அந்தக் குறுகிய அறை, என் இடுப்பில் மடிப்பைப் பிடித்திருந்த அவர் விரல்கள், பல்லில் கடித்திருந்த ஊக்கு. தட்டில் கிடந்த அந்த நான்கு பெரிய ஊக்குகளும் கண் முன் வந்தன.

"இல்ல அத்தை" என்றேன். "அதெல்லாம் அப்பவே ஒண்ணொண்ணா தொலைஞ்சு போச்சு. இது பிற்பாடு நானா கடையில வாங்கி மாட்டுனது."

"நெசமாவா?"

"நெசமா அத்தை."

பெரிய மூச்சு ஒன்று கேட்டது. அடுத்த நிமிஷம் குரல் நிமிர்ந்துவிட்டது.

"பார்த்து வாங்கக் கூடாது? ஒரு ஊக்கு வாங்கத் தெரியல, என் தங்கத்தைக் குத்தம் சொல்ல வந்துட்டா. வாத்தியாரம்மாவாம், வாத்தியாரம்மா!"

"ஆமா அத்தை" என்றேன். அவர் விடவில்லை. பதினெட்டு வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டினார். நான் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து, போனைக் காதோடு அழுத்தி, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.